வெளிநாட்டு மேடைகளில் எங்கள் பெயராலும் பேசுகின்ற சனாதிபதி அவர்களுக்கு: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

அதிமேதகு சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சி மாவட்டம் முரசுமோட்டையில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீரை நம்பி இரண்டரை ஏக்கர் வயல் செய்கின்ற ஒருவன் இந்த மடலை எழுதுகிறேன். முன்னர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதினேன். அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. நாட்டின் வரவு செலவுச் செய்தியைப் பத்திரிகையில் வாசிக்கும்போதும் கையில் ஒரு பென்சில் இருக்கும்.

நீங்கள் பதவியேற்ற பின்னர் 2024 டிசம்பரில் புதுடில்லிக்கும், 2025 ஜனவரியில் பெய்ஜிங்குக்கும், பெப்ரவரியில் துபாயில் நடந்த உலக அரசுகள் உச்சிமாநாட்டுக்கும், பின்னர் வியட்நாம், ஜேர்மனி, மாலைதீவு ஆகிய நாடுகளுக்கும், செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்கும் அங்கிருந்து ஜப்பானுக்கும் சென்றீர்கள். இந்தப் பயணங்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட இயலாது என்று உலகறிய அறிவித்த நாடு இது. அப்படிப்பட்ட நாட்டின் தலைவர் கொழும்பிலேயே இருந்துகொண்டு இழந்த நம்பிக்கையை மீட்க முடியாது. கடன் கொடுத்தவர்களின் வாசலுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். நான் சொல்ல வருவது வேறு. அந்த மேடைகளில் நாட்டின் தலைவர் ஒருவர் உச்சரிக்கும் சொற்கள் சில மாதங்களில் எங்கள் வயலுக்கும் கடலுக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. எங்கள் சொல் அந்த மேடைக்குப் போவதற்கு மட்டும் இதுவரை ஒரு வழியும் ஏற்படுத்தப்படவில்லை.

சொல் வயலுக்கு வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்கிறேன். உங்களுக்கு முன் அந்த ஆசனத்தில் இருந்தவர்களில் ஒருவரான கோட்டாபய ராஜபக்ச, 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் தடைசெய்தார். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் கிளாஸ்கோவில் கூடிய காலநிலை மாநாட்டை ஒட்டிய நிகழ்வில் அந்தத் தீர்மானத்தை ஒரு சாதனையாக எடுத்துரைத்தார். அவர் அங்கே பேசிக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் காலபோகத்துக்கு விதைத்து முடித்து, பயிர் மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றோம். நவம்பர் முடிவதற்குள் தடை தளர்த்தப்பட்டது என்பது உண்மை. ஆனால் நெற்பயிர் அமைச்சரவை கூடும்வரை காத்திருப்பதில்லை. அது பசளை கேட்கிற நாளில் கொடுக்காவிட்டால் பிறகு கொடுத்தும் பயனில்லை. வழமையாக ஏக்கருக்கு இருபத்தைந்து மூட்டைக்குக் குறையாமல் கண்ட என் வயலில் அந்தப் போகம் பதினொரு மூட்டைதான் கிடைத்தது. அடுத்த சிறுபோகத்துக்கு ஒரு மூட்டை யூரியாவுக்கு நாற்பதாயிரம் ரூபா கேட்டார்கள்.

அதன் பிறகு நடந்தவற்றையும் நீங்கள் அறிவீர்கள். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் தீங்கான பற்றீரியா இருப்பதாகக் கண்டு கப்பலைத் திருப்பியனுப்பிய நாடு, இறக்காத அந்தப் பசளைக்காக ஏறத்தாழ 7 மில்லியன் டொலரைச் செலுத்தியது. 2022இன் நடுப்பகுதியில், எந்த யூரியா வேண்டாம் என்று உலகுக்குச் சொன்னோமோ அதே யூரியாவை வாங்குவதற்கு இந்தியாவிடம் 55 மில்லியன் டொலர் கடன் கேட்டுப் பெற்றோம். சேதனப் பசளை நல்லதா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. எங்கள் அப்பாமார் காலத்தில் மாட்டெருவும் மண்ணில் தாழ்த்திய குழையும் தந்த விளைச்சலைப் பார்த்தவன் நான். அந்த மேடைக்குப் போகுமுன் ஒரு கமநல சேவை நிலையத்திலாவது கமக்காரரை இருத்தி ஒரு மணித்தியாலம் கேட்டிருந்தால், எத்தனை ஆண்டுகளில், எத்தனை பங்காக மாற்றலாம் என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை என்பதே என் குறை.

வன்னி சர்வதேசப் பொருளாதார மாநாடுகளை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறது என்று எண்ணவேண்டாம். 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நன்கொடையாளர் மாநாட்டில் இலங்கையின் மீள்கட்டுமானத்துக்கு 4.5 பில்லியன் டொலர் வாக்களிக்கப்பட்டது. அந்தத் தொகையை அன்று கிளிநொச்சியில் தேநீர்க்கடை வைத்திருந்தவருக்கும் தெரியும். யார் அந்த மாநாட்டுக்குப் போனார்கள், யார் போகவில்லை, ஏன் போகவில்லை என்பதெல்லாம் பழைய கணக்கு. எங்கள் முற்றத்துக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கை நான் எழுதவேண்டியதில்லை. ஆழிப்பேரலைக்குப் பின்னர் 2005 ஜூன் 24ஆம் திகதி அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் கைச்சாத்தான பொதுக்கட்டமைப்பு, வெளிநாட்டு உதவியை முல்லைத்தீவு போன்ற கரைகளுக்குப் பகிர்வதற்கான ஓர் ஏற்பாடாக இருந்தது. அதை எதிர்த்து உங்கள் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேறியது. அப்போது விவசாய, கால்நடை, காணி, நீர்ப்பாசன அமைச்சராக இருந்த நீங்களும் பதவி விலகினீர்கள். அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளை இடைநிறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிலைப்பாட்டுக்காக இன்று உங்களிடம் கணக்குக் கேட்பது என் நோக்கமில்லை. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் முல்லைத்தீவு உள்ளடங்கிய வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் இரண்டை உங்கள் கட்சிக்கு இந்த மக்களே கொடுத்தார்கள். ஆனால் வெளிநாட்டுப் பணம் எங்கள் பக்கம் வரும்போது அது யார் கையால் வரவேண்டும் என்ற கேள்வியில் இந்த நாடு எவ்வளவு கடுமையாக நடந்துகொள்ளும் என்பதை நாங்கள் மறக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இனிக் கடனுக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் நிற்பதற்கு அனுமதிக்கவேண்டும்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் பெறுமதியான நான்காண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. எங்கள் நாடு அந்த வாசலில் ஏறியது அது பதினேழாவது தடவை. 2024 ஜூன் 26ஆம் திகதி இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவை இணைத்தலைமை வகித்த உத்தியோகபூர்வக் கடன் வழங்குநர் குழுவோடு 5.8 பில்லியன் டொலருக்கும், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு 4.2 பில்லியன் டொலருக்கும் மறுசீரமைப்பு உடன்பாடுகள் எட்டப்பட்டன. வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கி நாடு எழுதிக்கொடுத்த பத்திரங்களான, 12.5 பில்லியன் டொலர் அளவிலான சர்வதேசப் பிணைமுறிகளைப் புதியவையாக மாற்றும் வேலை, நீங்கள் பதவிக்கு வந்த பின்னர், 2024 டிசம்பரில் முடிந்தது. தேர்தல் மேடைகளில் இந்த ஏற்பாட்டை மாற்றுவோம் என்ற குரலை நாங்கள் கேட்டிருந்தோம். பதவிக்கு வந்த பின்னர் ஏற்பாடு ஏறத்தாழ அப்படியே நிறைவேறியது. நடுவாற்றில் தோணியைத் திருப்புவது எளிதன்று என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதை அப்படியே மக்களிடம் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பிணைமுறிகளில் ஒரு பெரும்பகுதி நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் வயலைக் குத்தகைக்கும் விடுவார்கள், வாரத்துக்கும் விடுவார்கள். குத்தகை என்றால் விளைந்தாலும் பொய்த்தாலும் பேசிய மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். வாரம் என்றால் விளைச்சலைப் பங்கிடுவது. காணிக்காரனும் மழையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். இந்தப் பிணைமுறி இரண்டுக்கும் இடையில் ஒன்று. 2025 முதல் 2027 வரை பொருளாதாரம் நாணய நிதியத்தின் மதிப்பீட்டை மிஞ்சி வளர்ந்தால், அதன் பிறகு நாங்கள் கட்டவேண்டிய தொகையும் கூடும். சரிந்தால் ஓரளவு குறையும். வாரத்துக்கு வயல் எடுப்பவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆனால் வாரக் கணக்கில் விளைந்த வயலும் பங்கு கொடுக்கிற வயலும் ஒன்றாக இருக்கும். இங்கே அப்படியில்லை. வளர்ச்சியின் பெரும்பகுதி மேல் மாகாணத்தில் விளைகிறது. கடனைக் கட்டுவதற்காக அறவிடப்படும் 18 வீதப் பெறுமதிசேர் வரி கொழும்பிலும் ஒட்டுசுட்டானிலும் ஒரே அளவு. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவு ஆய்வின்படி நாட்டின் வறுமை 14.3 வீதம், முல்லைத்தீவு மாவட்டத்தின் வறுமை 44.5 வீதம். பொருளாதாரம் நொறுங்கியதும் அதற்குப் பிறகுதான்.

நாணய நிதியத்தோடு ஒப்புக்கொண்ட மற்றொரு எண் 2.3. வட்டியைத் தவிர்த்த அரச செலவைவிட வருமானம் மொத்த உற்பத்தியில் 2.3 வீதம் மிகையாக இருக்கவேண்டும் என்பது அதன் பொருள். கேட்பதற்குச் சிறிய எண். அந்த மிகை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், வரி ஒரு பக்கம், செய்யாமல் விடப்பட்ட வேலைகள் மறுபக்கம். எங்கள் பகுதிச் சிறு குளங்களின் அணைக்கட்டில் எலி வளை போட்ட இடத்துக்கு மண் கொட்டுவதற்கு மதிப்பீடு தயாராகி மூன்று மழை கடந்துவிட்டது. நிதி இல்லை என்கிறார் அலுவலர்; அவரும் பொய் சொல்லவில்லை.

இதே காலத்தில் எங்கள் வீடுகளில் நடந்த இன்னொரு கடன் மறுசீரமைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அல்லது நடக்காத மறுசீரமைப்பைப் பற்றி. போருக்குப் பின்னர் வன்னிக்கு ஏ9 வீதியில் முதலில் ஏறி வந்தவற்றில் நுண்கடன் நிறுவனங்களும் அடங்கும். ஐந்து பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணை நிற்கவைத்து, கிழமைக்குக் கிழமை கட்டும் லோன். எங்கள் அயலில், கணவரை இழந்த ஒரு பெண் கறவை மாடு வாங்க ஐம்பதாயிரம் எடுத்தார். வரட்சியில் மாடு செத்தது; தவணை சாகவில்லை. அதை அடைக்க இரண்டாவது நிறுவனத்தில் எடுத்தார், பிறகு மூன்றாவதில். செவ்வாய்க்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் குழுவிலிருந்த மற்ற நால்வரும் அவர் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இரவு எட்டு மணியானாலும் எழும்பமாட்டார்கள். 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்தது உண்மை. ஆனால் அது ஒரு தடவை ஊற்றிய தண்ணீர்.

2022இல் நாடு கட்டமுடியாது என்று சொன்னபோது அலரி மாளிகையின் முற்றத்தில் எந்தக் கடன்காரரும் வந்து உட்காரவில்லை. நாட்டுக்கு அவகாசம் கிடைத்தது, வட்டி குறைந்தது, பிணைமுறியின் முதற்தொகையில் 27 வீதம் கழிக்கப்பட்டது, பெரும்பாலான தவணைகள் 2028 வரை தள்ளிவைக்கப்பட்டன. இவையெல்லாம் நல்லவை, உங்கள் அதிகாரிகளும் உங்களுக்கு முன்பிருந்தவர்களின் அதிகாரிகளும் உழைத்துப் பெற்றவை. கடன் வழங்குநரோடு பேசும் பாரிசில் கேட்கக்கூடிய நியாயத்தைப் பரந்தனில் கேட்க ஏன் முடியாது என்பதுதான் என் கேள்வி. கட்டமுடியாதவர் நேர்மையாக அப்படிச் சொன்னால் அவருடைய உண்மையான வருமானத்தைப் பார்த்துத் தவணையைத் திருத்தவேண்டும் என்ற கொள்கையை உலக மேடையில் நாடு தனக்காகக் கோருகிறது. அதே கொள்கையை நாட்டுக்குள் சட்டமாக்கி, அந்தச் சட்டத்தோடு அடுத்த மேடைக்குப் போனால் உங்கள் பேச்சுக்கு இன்னும் எடை கூடும்.

அந்த மறுசீரமைப்பின் உள்நாட்டுப் பங்கு யார் தலையில் விழுந்தது என்பதையும் குறிப்பிடவேண்டும். 2023 ஜூலையில் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட உள்நாட்டுக் கடன் ஏற்பாட்டில் தனியார் வங்கிகளின் பிணைமுறிகளில் கை வைக்கப்படவில்லை. தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் கை வைக்கப்பட்டது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியப்புறத்தில் பேருந்து ஏறுகின்ற பிள்ளைகளின் கணக்கு அதில் இருக்கிறது. அதற்கு முன்னர், 2022 ஓகஸ்டில், ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனது. முல்லைத்தீவுக் கரையில் கண்ணாடி நார்ப் படகின் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள். விலைச் சீர்திருத்தம் என்று ஆவணங்களில் எழுதப்படுவது, கடலுக்குப் போகாமல் கரையில் கவிழ்ந்து கிடந்த படகுகளாக எங்கள் கண்ணில் பட்டது.

முதலீட்டைப் பற்றிப் பேசாமல் இந்த மடல் முடியாது. நீங்கள் செல்லும் ஒவ்வொரு மாநாட்டிலும் அதுவே முதற் சொல். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை 442 மில்லியன் டொலர் செலவில் அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில், நீங்கள் துபாய் மேடையில் உரையாற்றிய அதே மாதத்தில், விலகிக்கொண்டது. ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலை அதிகம் என்று உங்கள் அரசாங்கம் சொன்னது. நான் அதை ஆதரித்தேன். ஆனால் பூநகரிக் கடற்கரையில் எந்தக் காணி, எந்தப் பனந்தோப்பு, எந்த இறால் பிடிக்கும் இடம் என்பதைப் பற்றி அங்குள்ளவர்கள் பத்திரிகையில் பார்த்துத்தான் அறிந்தார்கள். விலையைப் பற்றி கொழும்பில் வாதம் நடந்தது. இடத்தைப் பற்றி இடத்தவரிடம் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வேறு நிறுவனங்களின் காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு வந்தார்கள். நீங்களும் வேலையை ஒரு மாதம் நிறுத்திவைக்க நேர்ந்தது. தம்பபவனி காற்றாலைகள் 2020 முதல் மன்னார்த் தீவில் சுழல்கின்றன. வெள்ளம் வடியாத தெருக்களும், பறவைகள் வராத களப்பும், வலையில் குறைந்த மீனும் அந்த மக்கள் கண்ட அனுபவம். அதற்கெல்லாம் காற்றாலைதான் காரணமா என்று விஞ்ஞானிகள் ஆராயட்டும். ஆராய்ந்து தமிழில் சொல்லட்டும்.

பரந்தனைப் பற்றி ஒரு வார்த்தை. என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் எலும்புக்கூடு நிற்கிறது. 1950களில் தொடங்கி, ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்த ஆலை அது, 1985இல் நின்றது. பரந்தன் என்ற பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் இன்றும் இருக்கிறது. அது குளோரீனை வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்கி நாட்டின் குடிநீருக்கு விநியோகிக்கிறது. மூலப்பொருள் ஆனையிறவில், பெயர் பரந்தனில், பொருள் கப்பலில். 2025 வரவு செலவுத் திட்டத்தில் பரந்தனிலும் மாங்குளத்திலும் காங்கேசன்துறையிலும் தொழில் வலயங்கள் அமைப்பதாக நீங்கள் அறிவித்தீர்கள். வட்டுவாகல் பாலத்துக்கு நிதி ஒதுக்கி, செப்டெம்பரில் நீங்களே வந்து வேலையைத் தொடக்கிவைத்தீர்கள். சொன்னதைத் தொடக்கியதற்கு நன்றி. அடுத்த முதலீட்டு மாநாட்டில் எந்த நிறுவனத்தையாவது பரந்தனுக்கு அழைப்பதானால், இறக்குமதிக் குளோரீனுக்கு நாடு ஆண்டுதோறும் கட்டும் டொலர்க் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதைவிட நல்ல விளம்பரம் அந்த வலயத்துக்குக் கிடைக்காது.

வர்த்தகத்திலும் இதே நிலைதான். 2025 ஏப்ரலில் அமெரிக்கா எங்கள் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்தது. பேச்சுக்களுக்குப் பின்னர் அது 30 ஆகி, ஓகஸ்டில் 20 வீதத்தில் நின்றது. அந்தப் பேச்சுக்களை நடத்தியவர்களைப் பாராட்டுகிறேன். ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் எனும் இறக்குமதித் தீர்வைச் சலுகையோ வேறு விதமானது: அது மனித உரிமை, தொழிலாளர் உரிமை முதலிய 27 சர்வதேச சமவாயங்களோடு கட்டப்பட்டது, 2010இல் பறிபோய் 2017இல் திரும்பக் கிடைத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமென்று கொண்டுவரப்பட்ட நாளிலிருந்து எங்கள் வீடுகளில் அது என்ன செய்தது என்று பிரசல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய அதிகாரிகள் எங்களிடம் கேட்டு அறிந்திருக்கிறார்கள். அதை நீக்குவதாக நீங்கள் தேர்தலில் சொன்னதை ஐரோப்பியரின் நிபந்தனையாக ஆக்கிவிடாமல், எங்களுக்குக் கொடுத்த வாக்காகவே நிறைவேற்றினால் அந்தச் சலுகை தானாக நிலைக்கும்.

காணியும் பொருளாதாரமே. நிதி அமைச்சும் பாதுகாப்பு அமைச்சும் உங்கள் ஒருவர் கையிலேயே இருப்பதால் இதை வேறு யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில், வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணியாகும் என்று அறிவிக்கப்பட்டது. உறுதிகள் பதுங்குகுழியில் நனைந்து போனவர்களுக்கும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் மூன்று மாத அவகாசம். உயர் நீதிமன்றம் தடைவிதித்த பின்னர் அது மீளப்பெறப்பட்டது. முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவில், இராணுவத்தின் வசமுள்ள தங்கள் காணிக்கு இன்னும் போகமுடியாதவர்கள் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளை முதலீடு செய்ய வாருங்கள் என்று நீங்கள் வெளிநாடுகளில் அழைக்கும்போது, அவர்கள் தொலைபேசியில் எங்களிடம் முதலில் கேட்பது அப்பாவின் காணி எப்போது விடுபடும் என்பதைத்தான்.

கடைசியாக டித்வா. 2025 நவம்பர் இறுதியில் வந்த அந்தப் புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நேரடிச் சேதம் 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. நாணய நிதியம் டிசம்பரில் 206 மில்லியன் டொலர் அவசர நிதி தந்தது, அதுவும் கடனே. ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் இலங்கையின் கடன் தவணைகளை நிறுத்திவைத்து ஏற்பாட்டை மீள ஆராயவேண்டும் என்று கேட்டார்கள். மலைநாட்டில் மண்ணுக்குள் போனவர்களின் இழப்போடு எங்கள் வெள்ளத்தை ஒப்பிடமாட்டேன். ஆனால் நாட்டின் தலைவர் அடுத்து ஏறும் மேடையில், புயல் அடித்தால் தவணை தானாகவே நிற்கவேண்டும் என்ற சரத்தைக் கேட்பாரா என்பதை அறிய ஆவலாயிருக்கிறேன். வாரத்துக்கு வயல் விட்ட எந்தக் காணிக்காரனும் வெள்ளம் அழித்த போகத்தில் நெல்லுக் கேட்டு வரமாட்டான்.

நான் கேட்பது பெரிய காரியமன்று. அதற்கான முறை உங்களுக்கும் எங்களுக்கும் தெரிந்ததே. இரணைமடுவில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் மாவட்டச் செயலகத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். சிங்களத்தில் கன்ன ரஸ்வீம என்பார்கள். தம்புத்தேகமவில் வளர்ந்து, பின்னர் நீர்ப்பாசன அமைச்சராகவும் இருந்த உங்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. பொறியியலாளர் எழுந்து குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று சொல்வார். எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த வாய்க்காலுக்கு எத்தனை பங்கு, விதைப்பு எந்தத் திகதி என்று கமக்காரர் அமைப்புகள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்து, ஒருவழியாக முடிவு எடுத்து, அது எழுத்தில் பதியப்படும். கூட்டத்தில் கத்தியவனும் அடுத்த நாள் அந்த முடிவுக்குக் கட்டுப்படுவான், ஏனெனில் நீர்மட்டத்தை அவன் காதால் கேட்டிருக்கிறான்.

நாட்டின் கடனுக்கும் வெளிநாட்டு உடன்படிக்கைகளுக்கும் அப்படியொரு கூட்டம் வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இந்த மடலை எழுதும்வரை தேர்தல் இல்லை. ஆகையால் மாகாணத்தின் பெயரால் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசுவதற்குத் தெரிவுசெய்யப்பட்ட எவரும் இன்று இல்லை; முதலில் அந்தத் தேர்தலை நடத்துங்கள். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது கைச்சாத்தான ஏழு புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் வாசகங்களை உடனே வெளியிடாமல் விட்டது தவறு என்று நினைக்கிறேன்; இனிக் கைச்சாத்தாகும் எதையும் மூன்று மொழிகளிலும் பாராளுமன்றத்தில் வையுங்கள். நாணய நிதியத்தின் ஒவ்வொரு மீளாய்வுக்குப் பின்னரும், ஒப்புக்கொண்டவை எவை, எங்கள் மாவட்டத்தில் அதனால் நிற்கும் வேலைகள் எவை என்று நான்கு பக்கத்தில் தமிழில் எழுதி, பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் டொலர் தேவையில்லை.

இரணைமடுச் சிறுபோகக் கூட்டம் வழமையாக மார்ச்சிலோ ஏப்ரலிலோ நடக்கும். வர இயலுமானால் ஒருமுறை வாருங்கள். மேடையில் இருக்காமல் எங்களோடு கீழே இருங்கள். பொறியியலாளர் குளத்தின் நீர்மட்டத்தை வாசித்து முடித்ததும், நாட்டின் நீர்மட்டத்தை நீங்கள் வாசியுங்கள். 2028இல் எவ்வளவு கட்டவேண்டும், அதற்கு எங்கிருந்து வரும் என்ற இரண்டு எண்களையும் நான் என் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
நெற்செய்கையாளன் ஒருவன்,
முரசுமோட்டை, கண்டாவளைப் பிரதேச செயலாளர் பிரிவு,
கிளிநொச்சி மாவட்டம்.